வர்க்கிக்கு அழுகை பழகிவிட்டது: எங்கள் கவுன்சலிங் அறை நாயைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் ஒரு சின்ன வாடகை வீட்டில் கவுன்சலிங் அறை வைத்திருக்கிறேன். அறையில் நானும், வருகிறவர்களுக்குத் துணையாக வர்க்கி என்ற தெரபி நாயும் இருப்போம். போனில் நேரம் கேட்கிறவர்கள், பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுத் திண்ணையில் காத்திருக்கும் அம்மா அப்பாக்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று எல்லோரும் என்னைப் பற்றி ஒன்று கேட்டால் அவனைப் பற்றிப் பத்துக் கேட்கிறார்கள். அவனிடம் நாம் கற்பதைவிட, இங்கே வருகிற மனிதரிடம் அவன் கற்றதுதான் அதிகம் என்று நான் சொல்லிவருவதால் அதைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதிவைத்துவிட்டேன்.

வர்க்கி என்ன ஜாதி?

நாட்டு நாய், அதிலும் கலப்பு. மார்க்கெட் பக்கம் ஒரு பேக்கரி வாசலில் வளர்ந்தவன். எங்கள் மலையின் மொறுமொறு பேக்கரிப் பண்டமான வர்க்கியை நன்றாகச் சுட்டால் வரும் நிறம் அப்படியே இருந்ததால் பெயருக்கு யாரும் யோசிக்கவில்லை. (கூடலூர்ப் பக்கமிருந்து வரும் மலையாளிகள் சிலருக்கு அது மாமாவின் பெயராகவோ தாத்தாவின் பெயராகவோ இருந்துவிடுகிறது. அந்தச் சிரிப்பிலேயே முதல் சில நிமிடங்கள் போகும். கவுன்சலிங்குக்கு அது ஒன்றும் மோசமான ஆரம்பம் இல்லை.)

இந்த வேலைக்கு லாப்ரடாரும் கோல்டன் ரிட்ரீவரும்தான் பேர்போனவை. நம் ஊரில் பேர்பெற்ற ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்தவை. புது ஆளைக் கண்டால் சந்தேகப்படுவதுதான் அவற்றின் உத்தியோகமே. விதிவிலக்கு இருக்கலாம், நான் பந்தயம் கட்டமாட்டேன். பேக்கரி வாசலில் வளர்ந்த நாய்க்குப் புது ஆள் என்று யாருமே கிடையாது.

தெரபி நாய் என்றால் போலீஸ் நாய் மாதிரியா? கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டுமே, அது மாதிரியா?

இரண்டும் இல்லை. வழிகாட்டும் நாய் ஒரே ஆளுக்காகப் பல மாதம் பயிற்சி பெற்றது, அந்த ஆளோடு எல்லா இடத்துக்கும் போகும். தெரபி நாய்க்கு அப்படிக் குறிப்பிட்ட வேலை எதுவும் இல்லை. தன் ஆளோடு சேர்ந்து, முன்பின் தெரியாத பலர் நடுவே நிதானமாக இருக்கத் தெரிந்தால் போதும். கேட்கச் சுலபமாக இருக்கிறது இல்லையா? மனிதர்களில் எத்தனை பேருக்கு அது வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இது புது ஃபேஷனா?

அறுபது வருடத்துக்கும் மேலான ஃபேஷன். நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்று ஒரு குழந்தைகள் உளவியலாளர் இருந்தார். யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவனைப் பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்பே கூட்டிவந்துவிட்டார்கள். அப்போது அறையில் அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் இருந்தது. அது ஓடிப்போய்ப் பையனை நக்கியது, பையன் நாயோடு விளையாட ஆரம்பித்தான், மறுபடி வரவேண்டும் என்றும் சொன்னான். லெவின்சன் இதை 1962-இல் கட்டுரையாக எழுதினார். அவர் இதைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் சக உளவியலாளர்கள் சிலர் கேலியும் செய்தார்கள்.

அவருக்கு முன்பே, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃபிராய்ட் தன் சௌ-சௌ வகை நாயான ஜோஃபியைச் சிகிச்சை அறைக்குள் வைத்திருந்தார். நேரம் முடிந்தால் ஜோஃபி எழுந்து கொட்டாவி விடுமாம், கடிகாரம் பார்க்கவே வேண்டாமாம். ஃபிராய்டின் மகன் எழுதியிருக்கிறார். வர்க்கிக்கு இந்தத் திறமை இல்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே நேரம் மாலை நாலு மணி, பிஸ்கட் நேரம். நம் பக்கத்திலும் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 'டாக்டர் டாக்' என்ற பெயரில் நாய்களை மனிதர்களுக்கு ஆறுதலாக அழைத்துப்போயிருக்கிறது.

நாயிடமிருந்து மனிதர் கற்க வேண்டிய பாடங்கள் என்றுதான் எங்கும் படிக்கிறோம். நீங்கள் நாய் மனிதரிடம் கற்றது என்கிறீர்களே, என்னதான் கற்றது?

அந்த வாசகங்கள் எனக்கும் வாட்ஸ்அப்பில் தினமும் வருகின்றன. நாய் எதையும் எதிர்பார்க்காமல் அன்பு செய்கிறதாம். நாலு மணிக்கு ஒருமுறை வந்து வர்க்கியைப் பாருங்கள், எதிர்பார்ப்பு என்றால் என்ன என்று தெரியும். அவனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த அறையில் வருடக்கணக்கில் யார் அதிகம் மாறினார்கள் என்று கேட்டால், அவன்தான். மாற்றியவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்து அழுதவர்கள்.

வந்த புதிதில் யாராவது அழ ஆரம்பித்தால் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. எழுந்து போவான், முனகுவான், முன்காலைத் தூக்கி மடியில் வைப்பான், முகத்தை நக்கப் பார்ப்பான். நாய்களுக்கு இது பொதுவான குணம்தான். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரிக்காரர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 18 நாய்களின் முன்னால் ஒருவர் அழுவதுபோல் நடித்தார், இன்னொரு சமயம் சும்மா ராகம் இழுத்தார். பெரும்பாலான நாய்கள் அவர் அழுதபோதுதான் கிட்டே போயின, அழுகிறவர் வளர்த்தவரா வேற்று ஆளா என்றெல்லாம் பார்க்கவில்லை.

பார்க்கிறவர்கள் இதில் உருகிப்போவார்கள். அழுகிறவர் இடத்திலிருந்து பாருங்கள். மாதக்கணக்கில் அடக்கி வைத்தது அப்போதுதான் வெளியே வர ஆரம்பித்திருக்கும். நாயின் மூக்கு முகத்தருகே வந்ததும் சிரிப்பு வந்துவிடும், "பாருங்க மேடம், இவனுக்குத் தெரியுது" என்று அவன் தலையைத் தடவுவார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், அழுகை நின்றுவிடும், அதோடு சொல்ல வந்ததும் நின்றுவிடும். சாவு வீட்டில் மாரடித்து ஒப்பாரி வைக்க நமக்கு இடம் இருக்கிறது. மற்ற நாளில் அழுதால்? உடனே ஒரு சொம்புத் தண்ணீர், "சரி விடு, எல்லாம் சரியாயிடும்." அதில் பாதி அழுகிறவருக்காக, மீதி பார்க்கிறவருக்குத் தாங்கவில்லை என்பதற்காக. வர்க்கி செய்துகொண்டிருந்ததும் அதே தண்ணீர்ச் சொம்பு வேலைதான்.

இதை நான் பயிற்சி கொடுத்து மாற்றவில்லை. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா வருவார், வீட்டில் ஒரு சாவு. முதல் நாளே வர்க்கி மடியில் காலை வைத்ததும் அவர் அதை மெதுவாக எடுத்துக் கீழே விட்டார். "இருடா சாமி, நான் அழுதுட்டு வரேன், அப்புறம் உன்னைப் பார்க்கிறேன்." சொல்லிவிட்டு முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார், நிதானமாக, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத மாதிரி. முடிந்ததும் வெளியே குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்து, சொன்னபடியே அவனைக் கூப்பிட்டுக் காதைச் சொறிந்துகொடுத்தார். அடுத்தடுத்த வாரங்களிலும் அதே வரிசைதான். அவருக்கு முன்னும் பின்னும் வேறு எத்தனையோ பேர். சிலர் சத்தமாக, சிலர் தோள் மட்டும் குலுங்க, ஒரு பெரியவர் அழுகிறோம் என்று தனக்கே தெரியாமல். வர்க்கி பார்த்துக்கொண்டே இருந்தான். அழுகை தொடங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது, முடிகிறது, யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை, முடிந்த பிறகு மனிதர்கள் டீ குடிக்கிறார்கள்.

இதற்கு உளவியலில் பழகிப்போதல் என்பார்கள். கெடுதல் எதுவும் வராமல் ஒன்று திரும்பத் திரும்ப நடந்தால் மூளை அதற்கு அபாய மணி அடிப்பதை நிறுத்திவிடுகிறது. எதிர்ப்பக்கமும் போகலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்: தீபாவளி வெடிக்குப் பல நாய்கள் வருடா வருடம் பழகுவதே இல்லை, பயம் கூடிக்கொண்டுதான் போகிறது. சத்தம் எவ்வளவு திடீரென்று வந்தது, ஓடிப்போக வழி இருந்ததா, பக்கத்தில் இருந்த ஆள் பதறினாரா என்பதையெல்லாம் பொறுத்தது. வர்க்கிக்கு எங்கள் அறையின் பின்பக்கச் சின்னக் கதவு எப்போதும் திறந்திருக்கும், அந்தப் பக்கம் வேலி போட்ட தோட்டம்தான், ஆள் நடமாட்டம் இல்லை. போகலாம் என்று தெரிந்ததால்தான் அவனால் இருக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

இப்போது யாராவது அழுதால் எழுந்து போய் அவர்கள் காலருகே தொட்டும் தொடாமலும் படுத்துக்கொள்கிறான். அவ்வளவுதான். என்னிடம் பயிற்சிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கஷ்டமான பாடம் இது ஒன்றுதான். டிஸ்யூ பெட்டியை எப்போது நீட்டக் கூடாது என்பது புத்தகத்தில் படித்தால் வருவதில்லை.

வேறென்ன கற்றிருக்கிறான்?

கத்தினால் அது தன்னைத்தான் என்று நினைக்காமல் இருக்கக் கற்றிருக்கிறான். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து வருகிற நாட்களில் முன்பெல்லாம் முதல் சத்தத்துக்கே காதை மடக்கி, வாலைச் சுருட்டி, மேஜைக்கடியில் போய்விடுவான், தப்பு செய்தவன் மாதிரி முகம் வேறு. நாயின் அந்தத் 'தப்பு செய்த முகம்' பற்றி, நாய்களின் மனதை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தின்னக் கூடாததை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. வளர்த்தவர் திட்டினால் முகம் வருகிறது, தப்பே செய்யாத நாய்க்கும் வருகிறது. (இதைத் தம்பதிகளிடம் சொல்வேன். சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.)

குன்னூர் பக்கத்து ராணுவ ஊரான வெலிங்டனில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ராணுவக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவர்களில் ஒருவருக்குக் காது மந்தம். வணக்கம் சொன்னாலே பரேடு மைதானத்தில் சொல்வதுபோல் இருக்கும், ஆனால் கை மட்டும் வர்க்கியின் முதுகில் பூ வைத்தாற்போல் விழும். குரல் ஒன்று, கை ஒன்று என்று அவன் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது அங்கேதான் என்பது என் ஊகம். இப்போது உரத்த குரலுக்குக் கண்ணைக்கூடத் திறப்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லப் பேசினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். "ஒன்றுமில்லை, நீயே சொல்லு" என்று ஒருவர் மெதுவாகச் சொல்லும்போது அவன் தலை நிமிர்ந்தால் நானும் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவானா?

மாட்டான், கேட்கவும் மாட்டேன். பதற்றத்தை மோப்பம் பிடிக்க முடியும் என்பது உண்மை. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2022-இல் செய்த சோதனையில், மனக்கணக்குப் போடச் சொல்லிப் பதறவைத்தவர்களின் வியர்வையையும் மூச்சையும், அதே ஆட்கள் பதறுவதற்கு முன் கொடுத்ததிலிருந்து நாய்கள் பிரித்துக் காட்டின. சரியாகச் சொன்னது 93.75 சதவீதம். ஆனால் பதற்றம் வேறு, பொய் வேறு. முதல்முறை கவுன்சலிங்குக்கு வருகிற எல்லோரும் பதற்றமாகத்தான் வருகிறார்கள், பஸ் பிடித்து கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்தவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

எங்கள் பையன் யாரிடமும் பேசமாட்டான். நாய் இருந்தால் பேசுவானா?

உறுதி தரமுடியாது. பேசாமலே போன பிள்ளைகளும் உண்டு, அதுவும் பரவாயில்லை.

இந்த மலையில் விடுதிப் பள்ளிகள் அதிகம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று எங்கிருந்தோ வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகள். அவர்களிடமிருந்துதான் வர்க்கி காத்திருக்கக் கற்றான். பெரியவர்கள் நாயைத் தொட நினைத்தால் தொட்டுவிடுவார்கள். பிள்ளைகளில் பலர் கையைப் பாதிவரை நீட்டுவார்கள், அங்கேயே நிறுத்துவார்கள், ஸ்வெட்டர் கைக்குள் இழுத்துக்கொள்வார்கள். முதலில் அவன் பாதி நீட்டிய கையைப் பார்த்ததும் தானே போய் மூக்கை நுழைப்பான். கை இன்னும் உள்ளே போய்விடும், நாற்காலியும் ஒரு அடி நகரும். பல பிள்ளைகளிடம் இப்படி ஆன பிறகு, பாதியில் நிற்கும் கையைக் கண்டால் அவனும் பாதியில் நிற்கிறான். சில சமயம் ஒரு செஷன் முழுக்க இருவரும் அப்படியே.

அப்படி ஒரு பையன் பல வாரம் வர்க்கியின் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருநாய்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ததும் அடையாளத்துக்குக் காதில் ஒரு சின்ன வெட்டு வைப்பார்கள், மறுபடி பிடித்துக்கொண்டு போகாமல் இருக்க. வர்க்கிக்கும் அது இருக்கிறது. ஒருநாள் பையன், "மிஸ், அவனைக் கேட்காமலேயே வெட்டினாங்களா?" என்றான். ஆமாம் என்றேன். அந்த இடத்திலிருந்துதான் பேச்சு வந்தது. என்ன பேச்சு என்பது அவன் சொந்த விஷயம், இங்கே எழுதமாட்டேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போகும் வழியில் "நாய்கிட்ட என்ன பேசினே?" என்று கேட்காதீர்கள்.

நாங்கள் பேசுவது வெளியே போகாதே?

நாய் வாய் திறக்காது, நான் திறக்கக் கூடாது. மனநலச் சிகிச்சை பெறுபவரின் விஷயங்களை ரகசியமாக வைப்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அவருடைய உரிமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நேரங்களில் மட்டும் விதிவிலக்கு உண்டு. அதை முதல் நாளே உங்களிடம் விளக்கிவிடுவேன். இந்தப் பக்கத்தில் வருகிற ஆட்களும் ஊர், வயது, காரணம் மாற்றி எழுதப்பட்டவர்கள்.

மனிதக் கஷ்டத்தைப் போய் ஒரு மிருகத்திடம் சொல்வதா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கூட வரும் பெரியவர்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: சிவன் கோயிலில் நந்தியின் காதில் என்ன சொன்னீர்கள்? ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளைக்கும் தெரியாமல் சொல்கிறோமே. இந்த மலையிலும் வழி புதிதில்லை. படுகர் சாவுச் சடங்கில் இறந்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒரு பெரியவர் வரிசையாகச் சொல்ல, கூடியிருப்பவர்கள் சேர்ந்து குரல் கொடுப்பார்கள். பழைய நாளில் அந்தப் பாவங்களை ஒரு கன்றின் மேல் ஏற்றி அதை விட்டுவிடும் வழக்கமும் இருந்ததாக நூறு வருடத்துக்கு முந்தைய பதிவுகள் சொல்கின்றன. நந்தி மேலிடத்துக்குச் சேதி கொண்டு போகும். வர்க்கி எங்கும் கொண்டு போவதில்லை, கேட்டுவிட்டுத் தூங்கிவிடுவான், சிலருக்கு அதுவே பெரிய ஆறுதல்.

எனக்கு நாய் என்றால் பயம். எங்கள் வீட்டில் நாயைத் தொடக் கூடாது. நான் வரலாமா?

தாராளமாக. போனில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வர்க்கி பின்கட்டில் இருப்பான். பயம், தொழுகைக்கு முன் சுத்தம், அலர்ஜி, சும்மா பிடிக்காது, எந்தக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் தன்னைப் பிடித்தே ஆகவேண்டும் என்பதில்லை என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நீங்கள்தான். "உன் பாயில் போய்ப் படு" என்றால் முகம் தொங்காமல் போகிறான்.

வெறிநாய்க்கடி பயம் நியாயமான பயம். அறிகுறி வந்துவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனமே 1907-இல் அதற்கு மருந்து கொடுப்பதற்காகத் தொடங்கியதுதான். வர்க்கிக்கு வருடா வருடம் தடுப்பூசி போட்ட அட்டை சுவரில் மாட்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள்.

நாள் முழுக்க மற்றவர் கஷ்டத்தைக் கேட்டால் அவனுக்குச் சலிக்காதா?

சலிக்கும், அதனால்தான் நாள் முழுக்க இல்லை. அமெரிக்காவில் தெரபி விலங்குகளுக்கான பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது, நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். தூக்கம் வராதபோதும் கொட்டாவி, எதிரே தீனி இல்லாமலே உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியத் திரும்பிப் பார்ப்பது, நனையாமலே உடம்பை உதறிக்கொள்வது, இவையெல்லாம் 'போதும்' என்பதற்கான அறிகுறிகள். கண்டால் நிறுத்திவிடுவேன்.

நடுவில் அவனே எழுந்து போவதும் உண்டு. அப்போது, "என்னைப் பிடிக்கலை போல" என்று முகம் வாடியவர்கள் எத்தனை பேர்! அவனுக்கு வெளியே ஒரு மைனாச் சத்தம் கேட்டிருக்கும். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்துவிடுவான், ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் அவர் சொல்லும் கதை, யார் யார் எப்போதெல்லாம் எழுந்து போனார்கள் என்பது, பல செஷனுக்குப் போதுமானதாக இருக்கும்.

இருட்டிய பிறகு வர்க்கியோடு செஷன் கிடையாது. அந்த நேரத்தில் பின்பக்கக் கதவைத் திறந்து வைக்க முடியாது என்பதுதான் காரணம். இங்கே சிறுத்தைக்கு நாய் என்றால் விருந்து, அந்திக்குப் பிறகு காட்டெருமையும் தேயிலைக்குள்ளிருந்து ரோட்டுக்கு வந்துவிடும், உங்களுக்கும் சீக்கிரம் கிளம்புவது நல்லது.

குணமாகிப் போனவர்களை அவன் தேடுவானா?

முன்பு தேடினான். கவுன்சலிங் ஒழுங்காக நடந்தால் ஆள் வராமல் போவதுதான் முடிவு. அவன் கண்ணுக்கு அது பிடித்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவது. வழக்கமாக அவர்கள் வரும் கிழமையில் கேட்டருகே போய் நிற்பான். கடைசி நாள் இது என்று சொல்லி, உட்கார்ந்து, சாவகாசமாக விடைபெற்றுப் போகிறவர்கள் ஒரு ரகம். போனையும் எடுக்காமல் நின்றுவிடுகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த வித்தியாசம் எனக்குத்தான் பெரிது. அவன் கேட்டருகே நிற்பது இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருந்தது, வருடம் போகப்போகக் குறைந்துவிட்டது. அடுத்து வருகிற ஆள் காலடியில் படுக்கப் போய்விடுகிறான். இதை அவன் கற்றது யாரிடம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, என்னிடம் இல்லை.

நாயே போதுமென்றால் மருந்தை நிறுத்திவிடலாமா?

கூடாது. நாயைத் தடவும்போது பதற்றம் தணிவது உண்மைதான். நாயும் வளர்த்தவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடம்பிலும் பாசத்தோடு தொடர்புள்ள ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்று ஜப்பானில் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அதற்காக மனச்சிதைவுக்கோ கடும் மனச்சோர்வுக்கோ நாய் மருந்தாகிவிடாது. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மனநல மருத்துவர் வேலை, நான் டாக்டர் இல்லை (டாக்டரம்மா என்று கூப்பிடுகிறவர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை). சாகலாம் என்று தோன்றினால் என் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்நேரமும் போன் செய்யலாம், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

என் நாயையும் இப்படிப் பழக்கலாமா?

ஒரு வயது முடிந்திருக்க வேண்டும், தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அப்புறம் அதன் குணம். பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டைப் போட்டுப் பாருங்கள்: திடுக்கிடலாம், எவ்வளவு சீக்கிரம் சமாதானமாகிறது என்பதுதான் கணக்கு. தடி ஊன்றியவர், சக்கர நாற்காலி, குல்லாவும் கம்பளியும் போர்த்தி முகமே தெரியாத ஆள், ஓடிவரும் குழந்தை, இவர்களிடம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான நாய்களுக்கு இது ஒத்துவராது. வீட்டில் உங்களோடு சந்தோஷமாக இருக்கும் நாயை அன்னியர் வருத்தத்தின் நடுவே உட்காரவைத்தே தீரவேண்டும் என்று என்ன இருக்கிறது?

வர்க்கிக்கு என்ன வாங்கி வரலாம்?

எதுவும் வேண்டாம், கேட்கமாட்டீர்கள் என்றும் தெரியும். ஊட்டி ஹோம்மேட் சாக்லேட் கண்டிப்பாகக் கூடாது. அதிலுள்ள தியோப்ரோமின் நாய்க்கு விஷம், கறுப்புச் சாக்லேட் இன்னும் மோசம். வாந்தி, படபடப்பு, நடுக்கம், அளவு மிஞ்சினால் உயிரே போகும். திராட்சை, கிஸ்மிஸ் கூடாது. வெங்காயம், பூண்டு கலந்த பஜ்ஜி, போண்டா, பிரியாணி எலும்பு, எதுவும் கூடாது. யூகலிப்டஸ் தைலத்தை நெற்றியில் பூசிக்கொண்டு வந்தால் அவன் உங்களிடமிருந்து தள்ளித்தான் படுப்பான், கோபித்துக்கொள்ளாதீர்கள், அவன் மூக்குக்கு அது தாங்காது, நக்கினால் வயிற்றுக்கும் ஆகாது. அவன் பெயர் கொண்ட வர்க்கியையும் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே எடை கூடிவிட்டது என்று கால்நடை மருத்துவர் திட்டியிருக்கிறார். பழைய கம்பளி இருந்தால் கொண்டு வாருங்கள், துவைத்ததாக.